அணைக்கு இருபது நிமிஷம் போதுமா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு முக்கியமான மீட்டிங். விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்: வேலைக்குச் சேர்ந்து முதல் வருஷம் முடிஞ்சதும் அஞ்சு பேரும் சேர்ந்து எந்த நாட்டுக்குப் போறது? தாய்லாந்து, பாலி, துபாய் எல்லாம் "எல்லாரும்தான் போறாங்க" என்ற ஒரே காரணத்தால் ரிஜெக்ட். ரெண்டு மணி நேரச் சண்டைக்கு அப்புறம் ஜெயித்தது எகிப்து. அதுவும் சும்மா இல்ல, நைல் நதியில் கப்பல்லயே தங்கி, மிதந்துகிட்டே ஊர் பார்க்கிற குரூஸ்.

மறுநாள் காலையிலேயே ஒருத்தன் எக்செல் ஷீட் போட்டுட்டான். அசைன்மென்ட்டுக்கு இந்த வேகம் வந்திருந்தா அவன் யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கியிருப்பான். கர்னாக் கோயில், 3 மணி நேரம். மன்னர்கள் பள்ளத்தாக்கு, 3 மணி நேரம். எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்கள், தலா ஒன்றரை மணி நேரம். கப்பல் மேல்தளத்து நீச்சல் குளம், 2 மணி நேரம். அஸ்வான் உயர் அணை, 20 நிமிஷம், பக்கத்துல "போட்டோ மட்டும்" என்று குறிப்பு.

இத்தனைக்கும் அஞ்சு பேர்ல நாலு பேர் சிவில்.

நான் சிரிச்சேன். ஆனா கட்டில் மேல படுத்திருந்த இன்னொருத்தன் சிரிக்கல. அவன் சொந்த ஊர் மேட்டூர் பக்கம். "எங்க கொள்ளுத்தாத்தா ஊரு அணைக்குள்ளதான்டா இருக்கு. தண்ணி ரொம்ப இறங்கினா பண்ணவாடியில கோயில் நந்தி வெளிய தெரியும். அதைப் பார்க்க ஜனங்க வண்டி பிடிச்சு வருவாங்க. அங்க இருந்த ஊர் என்னாச்சுன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க"ன்னான். சொல்லிட்டு திரும்பிப் படுத்துட்டான்.

அந்த ஒரு வாக்கியத்தாலதான் இந்தக் கட்டுரை. மூணு வாரமா அந்த எக்செல் ஷீட்டை நோண்டிக்கிட்டிருக்கேன். நான் இன்னும் எகிப்துக்குப் போகல, பாஸ்போர்ட்டே இப்பதான் அப்ளை பண்ணியிருக்கேன். ஆனா ப்ளான் பண்ணும்போதே ஒரு கருத்து உறுதியாகிடுச்சு: நைல் குரூஸ் போறவங்க, குறிப்பா இன்ஜினியரிங் படிக்கிறவங்க, பேக்கேஜைத் தலைகீழாத் திருப்பணும். லக்சர்ல ஆரம்பிச்சு அஸ்வான்ல அவசரமா முடிக்கக் கூடாது. அஸ்வான்ல ஆரம்பிக்கணும். அணைக்கும், அந்த அணையால ஊரை விட்டுப் போன மக்களுக்கும் முழுசா ரெண்டு நாள் கொடுக்கணும்.

வழக்கமான பேக்கேஜ் எப்படி இருக்கும்?

லக்சரிலிருந்து அஸ்வான் வரை ஆற்று வழியில் சுமார் 200 கிலோமீட்டர். லக்சரில் ஏறினால் வழக்கமாக 4 இரவு, அஸ்வானில் ஏறினால் 3 இரவு. நடுவுல எட்ஃபுவில் ஹோரஸ் கோயில், கோம் ஓம்போவில் முதலைத் தலை தெய்வமான சோபெக்கின் கோயில். எஸ்னா என்ற ஊர்ல தடுப்பணையும் லாக்கும் இருக்கு. கப்பல் ஒரு பெரிய தொட்டிக்குள்ள நுழையும், கதவு மூடும், தண்ணியை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டு போவாங்க. சுருக்கமா, கப்பலுக்கு லிஃப்ட். அங்க வரிசையில காத்திருக்கும்போது சின்னப் படகுல வர்ற வியாபாரிகள் துண்டையும் சால்வையையும் கவர்ல சுத்தி மேல்தளத்துக்கு வீசுவாங்களாம். பிடிச்சிருந்தா காசை அதே கவர்ல போட்டுத் திருப்பி வீசணும், வேண்டாம்னா துணியையே திருப்பி வீசணும். எங்க ஷீட்ல இதுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கு.

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோயில்களைக் குறைச்சுப் பேச எனக்கு எந்த ஆசையும் இல்ல. ஆனா லக்சர்ல ஆரம்பிக்கிற பயணத்துல அணை வருவது கடைசி நாள். அதுக்குள்ள நாலு நாள்ல பத்து கோயில் பார்த்து, வெயில்ல காய்ஞ்சு, போன்ல சார்ஜ் தீர்ந்து, "அணைதானே, நம்ம ஊர்ல பார்க்காததா" என்ற மனநிலை வந்திருக்கும். வேன் அணை மேல நிக்கும், எல்லாரும் இறங்கி ஒரு செல்ஃபி, ஏறு ஏறு, ஃபிலே கோயிலுக்கு நேரமாச்சு.

நீங்க மிதக்கிறது யார் திறந்து விட்ட தண்ணியில?

பழைய நைல் வேற, இப்ப கப்பல் போற நைல் வேற. எத்தியோப்பிய மலைகள்ல மழை பெய்தா எகிப்துல வெள்ளம் வரும். வருஷா வருஷம் கோடையில ஏறும், வயலெல்லாம் மூழ்கும், வண்டலை விட்டுட்டு இறங்கும். அஸ்வான்ல எலிஃபன்டைன் தீவில் நைலோமீட்டர் என்று ஒன்று இன்னும் இருக்கு. ஆத்துக்குள்ள இறங்குற படிக்கட்டு, சுவரில் அளவுக் கோடுகள். வெள்ளம் எந்தக் கோடு வரை வந்ததுன்னு பார்த்து அந்த வருஷ விளைச்சலைக் கணிச்சாங்க, வரியையும் அதை வெச்சே முடிவு பண்ணினாங்க. நம்ம ஹைட்ராலஜி பேப்பர்ல வர்ற ஸ்டாஃப் கேஜுக்கு இதுதான் தாத்தா.

பிரிட்டிஷ் காலத்தில் 1902-இல் அஸ்வானில் முதல் அணை வந்தது. பிறகு இரண்டு முறை அதன் உயரத்தைக் கூட்டினார்கள். ஆனாலும் பெரிய வெள்ளத்தை முழுசா நிறுத்தி வைக்க அதனால முடியல. அதற்காகத்தான் உயர் அணை. அமெரிக்காவும் பிரிட்டனும் பண உதவியிலிருந்து பின்வாங்கியதும் 1956-இல் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பின்னர் சோவியத் உதவியோடு 1960-இல் வேலை தொடங்கி 1970-இல் முடிந்தது.

இது கான்கிரீட் அணை இல்ல. கல்லும் மண்ணும் கொட்டி, நடுவுல களிமண் வெச்சுக் கட்டிய அணை. நீளம் 3,830 மீட்டர், உயரம் 111 மீட்டர். மேல 40 மீட்டர் அகலம், அடியில 980 மீட்டர் அகலம். அந்தக் கடைசி எண்ணை இன்னொரு தடவை படிங்க. இந்தக் கரையின் ஒரு பக்கத்து அடியிலிருந்து மறுபக்கத்து அடி வரை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். 12 டர்பைன்கள், மொத்தம் 2,100 மெகாவாட். பின்னால இருக்கிற நாசர் ஏரி சூடானுக்குள்ளயும் போகுது, நீளம் சுமார் 500 கிலோமீட்டர். கொள்ளளவு நம்ம மேட்டூரைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல.

ஆக, லக்சர் பக்கம் கப்பல் மிதக்கிற தண்ணி, அஸ்வான்ல ஒருத்தர் அளந்து திறந்து விட்ட தண்ணி. வெள்ளம் இல்ல, வண்டலும் அணைக்குப் பின்னால தங்கிடுது. வருஷம் முழுக்கக் கப்பல் ஓட்டக்கூடிய அளவுக்கு ஆறு அடக்கமா இருக்குன்னா அது அணையோட வேலை. குழாய் எங்க இருக்குன்னு பார்த்துட்டுத் தண்ணியில இறங்குறதுதானே சரியான வரிசை?

கோயில் நகர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும்

அபு சிம்பெல் கதை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. இரண்டாம் ராம்செஸ் மலையைக் குடைஞ்சு கட்டின கோயில் ஏரிக்குள்ள மூழ்கப் போகுதுன்னு யுனெஸ்கோ 1960-இல் உலகத்தையே உதவிக்குக் கூப்பிட்டது. 1964-லிருந்து 1968 வரை கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல் துண்டுகளாக அறுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்தில், 200 மீட்டர் பின்னால் தள்ளி மறுபடி அடுக்கினாங்க. மேல இருக்கிறது நிஜ மலை மாதிரி தெரியும், உள்ள இருக்கிறது கான்கிரீட் குவிமாடம். வருஷத்துக்கு ரெண்டு நாள் கருவறைக்குள்ள சூரிய ஒளி விழணும், அந்தக் கோணம் கூடத் தப்பல. அமடா கோயிலை அறுக்க முடியாதுன்னு அதன் முக்கியப் பகுதியை அப்படியே தண்டவாளத்துல ஏத்தி இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல நகர்த்தினாங்க. சில கோயில்களை உதவின நாடுகளுக்கே கொடுத்தாங்க. டெபோட் கோயில் இன்னிக்கு மாட்ரிட்ல நிக்குது, டெண்டூர் கோயில் நியூயார்க் மியூசியத்துல.

இன்ஜினியரா இதைப் படிக்கும்போது புல்லரிக்கும். எனக்கும் புல்லரிச்சுது. அப்பதான் ரூம்மேட் சொன்னது ஞாபகம் வந்துச்சு. கல்லை இப்படி நகர்த்தினாங்க சரி. ஆளுங்களை எப்படி நகர்த்தினாங்க?

அந்த ஏரி இருக்கிற இடம் நூபியர்களோட நாடு. தனி மொழி, ஆத்தங்கரை ஓரமா பேரீச்சந்தோப்பு, முற்றம் வெச்சு மண்ணால் கட்டி வண்ணம் தீட்டின வீடு. 1902 அணை வந்தபோதும், அதை உயர்த்தினபோதும் அவங்க நிலம் கொஞ்சம் கொஞ்சமா மூழ்கிச்சு. அவங்களும் ஒவ்வொரு தடவையும் மேட்டுல ஏறி வீடு கட்டிக்கிட்டாங்க. உயர் அணை வந்ததும் ஏற மேடே இல்ல. 1963-64-இல் எகிப்து பக்கம் மட்டும் சுமார் 50,000 பேரை வேற இடத்துக்கு மாத்தினாங்க. சூடான் பக்கம் வாடி ஹல்ஃபாவைச் சேர்ந்தவங்களும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. அவங்களை நைலை விட்டே ரொம்ப தூரத்துல குடியேத்தினாங்க.

எகிப்து நூபியர்களைக் கொண்டு போன இடம் எது தெரியுமா? கோம் ஓம்போ பக்கம். ஆமா, நம்ம ஷீட்ல "ஒன்றரை மணி நேரம், முதலைக் கோயில்"னு இருக்கே, அதே கோம் ஓம்போ. அந்த வட்டாரத்துல நஸ்ர் அல் நூபான்னு ஒரு ஊர். கிராமங்களுக்குப் பழைய பேரையே வெச்சாங்க, ஆனா ஆறு பக்கத்துல இல்ல. வரிசை வரிசையா ஒரே மாதிரி அரசாங்க வீடு. தலைமுறை தலைமுறையா வாசல்ல ஆறு ஓடினவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? 2014-இல் வந்த எகிப்து அரசியல் சட்டத்துல, நூபியர்களைப் பத்து வருஷத்துக்குள்ள பழைய பகுதிகளுக்குக் கொண்டு வரும் திட்டம் பத்தி ஒரு பிரிவே இருக்கு. அந்தப் பத்து வருஷமும் கடந்து போச்சு. ஊர் திரும்புற கோரிக்கை இன்னும் கோரிக்கையாவே இருக்கு.

அப்போ அணையே கட்டக் கூடாதா?

இப்படிக் கேட்டா என்கிட்ட ஈஸியான பதில் இல்ல. அணை வேண்டாம்னு சொல்ல எனக்குத் தகுதியும் இல்ல. மேட்டூர்த் தண்ணியில விளைஞ்ச சோறு சாப்பிட்டுத்தான் இதை டைப் பண்றேன். எத்தியோப்பியாவில் 1980-களின் நடுவில் கொடும் பஞ்சம் வந்தபோது எகிப்து தப்பிச்சதுக்கு நாசர் ஏரியில சேமிச்ச தண்ணி ஒரு பெரிய காரணம். ஆரம்ப காலத்துல அந்த நாட்டோட மின்சாரத்துல பாதிக்குப் பக்கம் இந்த அணையே கொடுத்துச்சு. வருஷத்துக்கு ஒரு போகம்னு இருந்த எத்தனையோ நிலத்துல ரெண்டு மூணு போகம் வருது. இன்னொரு பக்கம் வண்டல் வராததால உரம் வாங்க வேண்டியதாச்சு, டெல்டா கடற்கரை அரிக்குது. இப்ப மேல்பக்கத்துல, 2025 செப்டம்பரில், எத்தியோப்பியா நீல நைலில் 5,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திறன் கொண்ட தன் அணையைத் திறந்திருக்கு. எகிப்து இப்ப கீழ்பக்கத்துக்காரன் கவலையோட மேல பார்க்குது. காவிரி பேச்சு கேட்டு வளர்ந்த நமக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்ல.

நான் சொல்ல வர்றது இதுதான். நாம படிக்கிற கணக்குல நீர்த்தேக்கம் ஒரு கான்டூர் கோடு. அந்த மட்டத்துக்குக் கீழ எவ்வளவு கொள்ளளவு, எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு வண்டல் சேரும்னு பத்து மார்க்குக்குக் கணக்கு போடுறோம். அந்தக் கோட்டுக்குக் கீழ எத்தனை வீடுன்னு எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்ல. நாளைக்கு நம்மள்ல ஒருத்தர் நிஜமாவே அந்தக் கோட்டைப் போடப் போறோம். அதுக்கு முன்னாடி, கோடு போட்டு அறுபது வருஷம் ஆன ஒரு இடத்தை நின்னு பார்க்கிற வாய்ப்பு நம்ம ஜாலி ட்ரிப்லயே இருக்கு. அதை 20 நிமிஷத்துல கடந்து போறது வீண்.

என் மாற்று ப்ளான்

மாதம்: அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள். மே, ஜூன்ல விலை குறையும், ஆனா அஸ்வான்ல வெயில் 40 டிகிரியைத் தாண்டும். டிசம்பர் கடைசி கூட்டமும் விலையும் உச்சம். ஆபீஸ்ல லீவு கிடைச்சா பிப்ரவரி நல்லது.

முதல் ரெண்டு நாள் கெய்ரோ, பிரமிட். பிறகு ராத்திரி ரயில்ல நேரா அஸ்வான், சுமார் 880 கிலோமீட்டர். விமானம் வேகம்தான், ஆனா ரயில்ல விடியும்போது ஜன்னல் ஓரமா பச்சை வயலும் அதுக்குப் பின்னாடி பாலைவனமும் தெரியும். அந்த மெல்லிசான பச்சைப் பட்டையிலதான் முழு நாடும் வாழுதுன்னு புரிய ஸ்லைடு தேவைப்படாது.

அஸ்வான் முதல் நாள்: காலையில உயர் அணை, அவசரமில்லாம. மேல நின்னு தெற்கே ஏரியையும் வடக்கே ஆத்தையும் மாறி மாறிப் பாருங்க. மதியம் நூபிய அருங்காட்சியகம். 1997-இல் திறந்தது. மூழ்கின ஊர்களோட வாழ்க்கை அங்க இருக்கு. சாயங்காலம் எலிஃபன்டைன் தீவில் நைலோமீட்டர், பக்கத்துலயே இருக்கிற நூபிய கிராமங்கள். வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்து கேமரா நீட்டாதீங்க. ஒரு டீ குடிங்க, காசு கொடுங்க, பேச விருப்பப்பட்டா பேசுங்க.

ரெண்டாம் நாள்: விடியறதுக்கு முன்னாடி கிளம்பி அபு சிம்பெல். போக 280 கிலோமீட்டர், வரவும் அதே. திரும்பி வந்து ஃபெலூக்கா பாய்மரப் படகு. இங்க ஒரு அழகான விஷயம் இருக்கு: நைல் ஓடுறது வடக்கே, காத்து பெரும்பாலும் அடிக்கிறது தெற்கே. அதனால தெற்கே போகப் பாயை விரிச்சாங்க, வடக்கே போக ஆத்தோட்டத்துல விட்டாங்க. டீசல் இல்லாமலே ரெண்டு பக்கமும் ஓடின ஹைவே.

மூணாம் நாள் கப்பல். இப்ப ஆறு ஓடுற திசையிலேயே லக்சருக்கு 3 இரவு. கோம் ஓம்போவில் இறங்கும்போது முதலைக் கோயில் மட்டுமில்ல, அந்த ஊர்ப் பேருக்குப் பின்னாடி இன்னொரு கதையும் இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். லக்சர்ல ரெண்டு நாள். கர்னாக்கை கடைசியா பார்த்தா ஒண்ணும் குறைஞ்சு போகாது, 3,000 வருஷத்துக்கும் மேல நின்னுக்கிட்டிருக்கு.

லக்சருக்குக் கொஞ்சம் வடக்கே கிஃப்ட்ன்னு ஒரு ஊர். ரோமர் காலத்துல செங்கடல் துறைமுகங்கள்ல இறங்கின நம்ம பக்கத்து மிளகு, ஒட்டகத்துல பாலைவனம் தாண்டி அங்கதான் படகு ஏறிச்சு. அந்தத் துறைமுகங்கள்ல ஒண்ணான குசைர் அல் கதீமில் தமிழ்ப் பிராமியில் எழுதின பானை ஓடுகளே கிடைச்சிருக்கு. "தூர தேசம்"னு நாம சொல்ற இடத்துக்கு நம்ம ஆள் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே போயிட்டு வந்திருக்கான், எக்செல் இல்லாம.

காசு, நேரம், மூட்

இந்த ப்ளானுக்கு வந்த எதிர்ப்புகளையும் சொல்லிடறேன். "செலவு கூடும்"னாங்க. கூடாது. கப்பல்ல ஒரு இரவு குறையுது, அஸ்வான்ல சாதாரண விடுதியில ரெண்டு இரவு கூடுது, அவ்வளவுதான். கப்பல் புக் பண்ணும்போது மூணு கேள்வி கேளுங்க: கோயில் டிக்கெட் விலையில அடங்குமா, டிப்ஸ் தனியா, கேபின் இன்ஜின் பக்கமா? ஜன்னல் வியூவுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன் யோசிங்க. கரையில கப்பல்களை ஒண்ணு பக்கத்துல ஒண்ணா ஒட்டிக் கட்டுவாங்க, ஜன்னலைத் திறந்தா அடுத்த கப்பல்காரர் தெரிவார். இன்னும் மாணவரா இருக்கும்போதே போறவங்க சர்வதேச மாணவர் அட்டை எடுத்துக்கோங்க, பல தொல்லியல் இடங்கள்ல டிக்கெட் பாதி விலை. விசா விதி மாறிக்கிட்டே இருக்கும், தூதரகத் தளத்துல பார்த்துட்டு பணம் கட்டுங்க.

"ட்ரிப்ல போயும் சோகமா?"ன்னு ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. நான் அழச் சொல்லல மச்சான். நீச்சல் குளத்துல குதி, ரீல்ஸ் போடு, டெக்ல ஆடு. பத்து நாள்ல ரெண்டு நாள், அந்தத் தண்ணி எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் குதின்னுதான் சொல்றேன்.

ஷீட் இப்ப மாறியாச்சு. ஓட்டெடுப்புல மூணுக்கு ரெண்டு. அஸ்வானுக்கு ரெண்டு முழு நாள். அந்த "20 நிமிஷம், போட்டோ மட்டும்" வரியை அழிச்சது நான் இல்ல, மேட்டூர்க்காரன். அழிச்சுட்டு ஷீட்டோட முதல் வரியில அவனே ஒண்ணு சேர்த்திருக்கான்: "எகிப்துக்கு முன்னாடி, கோடையில ஒரு நாள், பண்ணவாடி. பஸ் செலவு என்னுது."

அதுக்கு யாரும் எதிர்த்து ஓட்டுப் போடல.